ஒன்பதாம் துளை

ரயில் பாதைக்கு மின்கம்பம் நடக் குழி எடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்ற கணக்கில் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கினார். முதல் நாள் கணுக்காலைத் தாண்டியது, இரண்டாம் நாள் முழங்கால், நான்காம் நாள் இடுப்பு. குழி மார்பளவு ஆழம், அதன் அடியில் நின்றபடி அவர் மேலே இருந்தவர்களுக்கு வழக்கம்போல வேலை சொல்லிக்கொண்டிருந்தார். ஜல்லியை இன்னும் தள்ளிக் கொட்டு, அந்தக் கம்பியை நனைய விடாதே என்று அதட்டினார். அவருடைய ஆட்கள் எட்டுப் பேர் அக்குளில் கயிறு கட்டி இழுத்தார்கள், பிறகு சங்கிலிக் கப்பி வைத்து இழுத்தார்கள். இழுத்த அன்றும் ஒரு சாண்தான், இழுக்காத அன்றும் ஒரு சாண்தான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, ஈரச் சாக்குக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்.

பெரிய கிரேன் ஒன்று இருபது கிலோமீட்டர் தள்ளி சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொண்டுவர எழுத்தில் உத்தரவு வேண்டும். உத்தரவு போட வேண்டிய பெரிய இன்ஜினியர் கெட்டவர் அல்ல. ஆனால் காகிதத்தை மீறி அவர் தும்மியதுகூடக் கிடையாது. அவர் முன்பே துளை போட்டுச் சோதித்து எழுதிய மண் அறிக்கையை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஒன்பதாம் துளை, நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர், நடுத்தரக் கெட்டிக் களி, தாங்குதிறன் போதுமானது என்று சுத்தமாக எழுதியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு ஆள் இறங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்த பாடம். ஆகவே மேஸ்திரி இறங்கவில்லை என்று கோப்பில் குறித்தார். குறித்த அன்று மேஸ்திரிக்கு மண் மார்புவரை வந்திருந்தது.

அந்த அறிக்கையை எழுதியவள் மேஸ்திரியின் மனைவி. மண் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் டப்பா மேடம் என்பார்கள். நூற்றுக்கணக்கான தகர டப்பாக்களில் மண்ணை அடைத்து, எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போட்டுப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவள். விரலால் உருட்டிப் பார்த்தே இது இத்தனை ஈரம் என்று சொல்லிவிடுவாள், அடுப்பு பிறகு வந்து ஆமாம் போடும். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ஒன்பதாம் துளை போட வேண்டிய வாரம் மழை கொட்டித் தீர்த்தது. துளை போடும் ஆட்கள் சுத்தியலைத் தொங்கவிடும் இரும்பு முக்காலியைத் தோளில் சுமந்து சதுப்புக்குப் பக்கத்து மேட்டுக்கரை வரை போய், இரண்டு முறை வழுக்கி விழுந்து, இதற்குமேல் எங்களால் ஆகாது என்று திரும்பி வந்துவிட்டார்கள். எட்டாம் துளை கையில் இருந்தது, பத்தாம் துளையும் இருந்தது. எட்டில் சுத்தியலைப் பதினொரு முறை அடித்த பிறகு குழாய் ஒரு அடி ஆழம் இறங்கியது, பத்தில் பதின்மூன்று முறை. அவள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஒன்பதுக்குப் பன்னிரண்டு என்று எழுதினாள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும், வாயைத் துடைத்துக்கொண்டு அப்படிச் செய்ததே இல்லை என்பார்கள். எழுதும்போது அவள் பேனா நிற்கவில்லை. நின்றிருந்தால் தேவலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்தாள்.

இரண்டாம் நாளே அவள் குழிக்கு ஓடி வந்துவிட்டாள். மேஸ்திரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏய், இங்க துளை போட்டீங்கல்ல? என்ன வந்துச்சு?"

"சுத்தியல் பன்னெண்டு அடிங்க. கெட்டிதான்."

"அப்ப என்ன பயம்? மேல கொஞ்சம் சகதி, அவ்வளவுதான். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். நாளைக்குள்ள நின்னுடும் பாரு."

ஊரே வந்து நின்று வேடிக்கை பார்த்த அந்தக் கரையில், அவருக்கு மட்டும் துளிகூடப் பயமில்லை. காரணம் அவள் எழுதிய பன்னிரண்டு. அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். மறுநாள், இன்றோடு நின்றுவிடும் என்று தோன்றியது. அதற்கு மறுநாள் வேலை போய்விடும் என்று தோன்றியது, ஜெயில் என்றுகூடத் தோன்றியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பயம் வேறு. அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு போய்விடுமே என்பதுதான் அது. எட்டாம் நாள் அவருடைய தலைமுடியும் மண்ணுக்குள் போனது. ஆட்கள் ஒரு இரண்டங்குலக் குழாயைப் பக்கத்தில் இறக்கினார்கள். குழாயில் காதை வைத்தால், "தண்ணி கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்ற குரல் தெளிவாகக் கேட்டது. மண்ணுக்குள் அவர் எப்படி மூச்சு விட்டார் என்று கேட்பவர்கள் உண்டு. விட்டார், அவ்வளவுதான் தெரியும்.

பதினொன்றாம் நாள் அவள் பெரிய இன்ஜினியரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து, ஒன்பதாம் துளை போடவே இல்லை, நான் எழுதியது பொய் என்று சொன்னாள். அதற்குள் மேஸ்திரியின் தலைக்கு மேல் மூன்று சாண் மண் ஏறியிருந்தது. இந்தப் பதினொரு நாளைத்தான் அவள் ஆயுசுக்கும் மன்னித்துக்கொள்ளவில்லை. பெரிய இன்ஜினியர் அறிக்கைக் கட்டை இழுத்துத் துளை எண்களை விரலால் எண்ணத் தொடங்கினார். ஒன்பது பொய்யென்றால் எட்டும் பத்தும் என்ன, மீதி முந்நூற்றுச் சொச்சம் துளைகள் என்ன, அவற்றை நம்பி நட்ட அறுநூறு கம்பங்கள் என்ன என்று அவர் தலைக்குள் ஓடியது அவள் கண்ணுக்கே தெரிந்தது. கிரேனுக்கு உத்தரவு எழுத அவருக்கு மேலும் பத்து நாள் பிடித்தது. கிரேன் வந்தது, தோண்டும் இயந்திரமும் வந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். ஒரு வாளி எடுத்தால் பக்கத்திலிருந்து இரண்டு வாளி சரிந்து வந்து விழுந்தது. நான்காம் நாள் மேட்டுக்கரை விரிசல் விட்டு, தண்டவாளம் கையகலம் சாய்ந்தது. ரயில்களை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் இயந்திரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். ஓட்டுநர் இறங்கி வந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வேறு என்ன செய்வார் பாவம்.

மின்சாரம் ஏற்றும் தேதி குறித்தாகிவிட்டது. மேஸ்திரி இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றேழாம் நாள். மேலே கம்பியில் மின்சாரம் வந்துவிட்டால் அதற்கடியில் யாரும் தோண்டக்கூடாது, ஏணி வைக்கக்கூடாது, ஈரக் கம்பைக்கூடத் தூக்கக்கூடாது. அதற்குள் எடுத்தால் உண்டு. தினமும் குழாய்க்கு ஒரு சாண் நீளம் கூட்டினார்கள். சாப்பாட்டைக் கரைத்து ஊற்றும் வேலையை அவளுடைய நாத்தனார், அதாவது மேஸ்திரியின் தங்கை, எடுத்துக்கொண்டாள். தையல்காரி, நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. குழாயில் வாயை வைத்துக்கொண்டு, "அண்ணா, உப்பு பத்துதா? பத்தலைன்னாலும் வாயை மூடிக்கிட்டுக் குடி" என்று கத்துவாள். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அப்போதெல்லாம் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாற்பதாம் நாள் அவள் நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மழை, முக்காலி, எட்டையும் பத்தையும் கூட்டி வகுத்தது, பதினொரு நாள் வாய் திறக்காமல் இருந்தது, ஒன்றையும் விடவில்லை. "நீங்க என்னை நம்பித்தான் அதுக்குள்ள கால வச்சீங்க. நான்தாங்க உங்களைப் புதைச்சேன்" என்றாள். காதை வைத்துக் காத்திருந்தாள். குழாய்க்குள் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் வந்தது. அன்று முழுக்க அவர் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. தங்கை கத்தியதற்கும் பதிலில்லை. மூன்றாம் நாள் காலையில் குரல் வந்தது.

"நோட்டு இருக்கா? எழுதிக்க. பதினொன்னேகால் மீட்டர். கறுப்புக் களி. வெண்ணெய் மாதிரி இருக்கு. தாங்காது."

அவள் எழுதினாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசியதெல்லாம் மண்தான். பதின்மூன்று மீட்டர், சாம்பல் களி, நடுவே சிப்பி. பதினாறு, மெல்லிய மணல், தண்ணீர் ஊறுகிறது. பத்தொன்பது, மறுபடி களி, கொஞ்சம் விறைப்பு. தங்கையிடம் சிரித்துப் பேசுவார், ஆட்களை அதட்டுவார், அவள் காதை வைத்தால் மட்டும் ஆழமும் நிறமும் சொல்லி நிறுத்திவிடுவார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தொண்ணூற்றைந்தாம் நாள், "இருபத்து மூணு புள்ளி நாலு. கெட்டிப் படுகை, பாறைத் துணுக்கு கலந்தது. கால் ஊணியாச்சு. இனி இறங்காது" என்றார். ஒன்பதாம் துளையின் உண்மை அறிக்கை இப்படி நிறைவடைந்தது. துறையிலேயே இவ்வளவு நுணுக்கமான அறிக்கை கிடையாது என்று பெரிய இன்ஜினியர் பாராட்டிக் குறிப்பு எழுதினார். அதை வைத்து இரண்டே நாளில், மேஸ்திரியை இடிக்காமல் சற்றுத் தள்ளி ஆழத்தூண் இறக்கினார்கள், அதன்மேல் கம்பம் நட்டார்கள், அது இன்றுவரை நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. தொண்ணூற்றேழாம் நாள் கம்பியில் மின்சாரம் ஏறியது. மாலை போட்ட முதல் மின்ரயில் மேஸ்திரியின் தலைக்கு மேலே போனது. குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைக் காவலர்கள் கையைப் பிடித்து வேலிக்கு வெளியே கொண்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் அவள் பாயைவிட்டு எழவில்லை. எட்டாம் நாள் எழுந்து பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அந்தப் பாதையின் எல்லாத் துளை அறிக்கைகளையும் தரையில் பரப்பினாள். அவர் நிற்பது கெட்டிப் படுகையில். அந்தப் படுகை எங்கேயோ ஓரிடத்தில் மேலே ஏறத்தான் செய்யும். அதன்மேலேயே நடந்து போனால் மேலே வந்துவிடலாம். எங்கே ஏறுகிறது என்பது அறிக்கைகளில் இருக்க வேண்டும். அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு துளையையும் முன்னதோடும் பின்னதோடும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்த்தாள். சாயங்காலம் ஆவதற்குள் கணக்கு முடிந்தது. மூன்றில் ஒன்று அப்படியே சரியாக நடுவில் நின்றது. அவளை மாதிரியே, மழையிலும் வெயிலிலும் போக முடியாத யார் யாரோ, நல்ல கையெழுத்தில் கூட்டி வகுத்து வைத்திருந்தார்கள். எது போட்ட துளை, எது போடாத துளை என்று அவளால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. கணவனை நடக்கச் சொல்லி அனுப்ப, அவள் கையில் நம்பத்தகுந்த ஒரு காகிதம்கூட இல்லை.

தண்டனையாக அவளைக் கூடத்திலிருந்து துளை போடும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அதைத்தான் அவளும் கேட்க இருந்தாள். வேலிக்கு வெளியே, கம்பியிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டாள். அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியல் விழும் சத்தம் மண்ணுக்குள் அவருக்குக் கேட்டது. அவர் அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தார். இடுப்பளவு மாவுக்குள் நடக்கிற மாதிரி இருப்பதாகத் தங்கையிடம் சொன்னார். நூறு மீட்டருக்கு மூன்று நாள் ஆகும். வந்து சேர்ந்ததும் குழாயைத் தட்டுவார், சாப்பாடு இறங்கும், மண் விவரம் ஏறும். அவள் எழுதிக்கொண்டு அடுத்த துளைக்கு முக்காலியைத் தூக்குவாள். ஒரு துளையைக்கூட அவள் விடவில்லை. காய்ச்சலிலும் போட்டாள், வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் போட்டாள். ஏழு வருடத்தில் எழுபத்தேழு கிலோமீட்டர் நடந்தார்கள், அவள் மேலே, அவர் கீழே. பாதையோரத்து ரயில்வே கேட் காவலர்களுக்கு இவர்கள் பழகிப்போனார்கள். மேஸ்திரி இன்றைக்கு எங்கே என்று கேட்டால், இருபது மீட்டர் ஆழத்தில் போய்க்கொண்டிருக்கிறார், பதினெட்டுக்கு ஏறிவிட்டார் என்று சொல்வார்கள்.

ஐந்தாம் வருடம் படுகை கீழே போனது. இருபத்தாறு, முப்பத்து மூன்று, கடைசியில் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்குக் கீழே போட அவளிடம் குழாய் இல்லை. அடுத்த துளையில் சுத்தியல் அடித்தாள், தட்டு வரவில்லை. ஒரு வாரம் அடித்தாள். பிறகு ஒரு மாதம். தோள் இறங்கிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். நாத்தனார் வந்து அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

"போதும் விடு அண்ணி. அவனுக்குக் கேட்டிருந்தா வந்திருப்பான்."

"கேக்குது. கோபத்துல நிக்கிறாரு."

"எவ்வளவு பெருசா இருந்தாலும் அவனுக்குக் கோபம் ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. அது உனக்கே தெரியும். அவன் இல்ல அண்ணி. இல்லவே இல்ல."

அவள் நாத்தனாரை ஓங்கி அறைந்தாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அந்த மண்மேட்டில் கிடந்து ஒப்பாரி வைத்தார்கள். மறுநாள் காலையில் அவள் மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள், பக்கத்தில் நாத்தனாரும் பிடித்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் குழாயில் மூன்று தட்டு வந்தது. "முப்பத்தெட்டு. மஞ்சள் களி. ஏத்தம்" என்றது குரல், ரொம்பவும் இளைத்துப்போய். அவள் எழுத முயன்றாள், கண்ணீரில் தாள் ஊறிக் கிழிந்துவிட்டது. வேறு தாளில் எழுதினாள்.

அதற்குப் பிறகு ஏற்றம்தான். இருபத்தொன்பது, இருபது, பதினொன்று, ஆறு. நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷனின் நடைமேடை வந்தது. அதன் இந்தப் பக்கம் நாலரை மீட்டர், அந்தப் பக்கம் ஏழு மீட்டர், மறுபடி இறக்கம். நடுவில் எங்கோ உச்சி. எவ்வளவு என்று ஆட்கள் மனக்கணக்குப் போட்டுச் சொல்ல வந்தபோது, அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் கூரையைவிட்டுக் கிளம்பின. பத்து மீட்டருக்கு ஒரு துளையாக, கம்பிக்கு அடியில் போகாமல் நடைமேடையிலிருந்து சாய்த்துப் போட்டு, உச்சி இரண்டே முக்கால் மீட்டர் என்று கண்டாள். அது மூன்றாம் தண்டவாளத்துக்கு நேர் அடியில், மின்கம்பிக்கு நேர் கீழே இருந்தது. அதைவிட ஆழமான இடத்தில் தோண்டினால் பக்கம் சரியும், அங்கே தோண்ட வேண்டுமானால் ரயிலையும் மின்சாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டும். அதற்கு மனுப் போட்டாள். காரணம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். பதினான்கு முறை போட்டாள். கடைசியில் தலைமை அலுவலகத்தில் ஓய்வுக்கு ஒரு வாரம் இருந்த பெரிய இன்ஜினியரே தம் கையால் காரணப் பகுதியில், "தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஊழியரை எடுத்தல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிடைத்தது ஐம்பது நிமிடம், பகல் பதினொன்று பத்து முதல் பன்னிரண்டு வரை.

மேஸ்திரியின் பழைய ஆட்கள் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார். மின்சாரம் போனது உறுதி என்று சொன்னதும் ஜல்லியை விலக்கி, கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். இந்த முறை பக்கம் சரியவில்லை. இருபத்தாறாம் நிமிடம் மண்வெட்டி முனையில் தலைமுடி தெரிந்தது. எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தார்கள். நெற்றி வந்தது, தோள் வந்தது, அக்குளில் கயிறு கொடுத்தார்கள். எட்டுப் பேர் ஒரு மூச்சுப் பிடித்ததும் மேஸ்திரி மேலே வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார். வெளுத்து, மெலிந்து, ஏழு வயது கூடியிருந்தார். தங்கை அவர் காதிலிருந்து மண்ணை விரலால் நோண்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். மனைவி தள்ளி நின்றாள். தண்ணீர் கொண்டுவந்திருந்தாள், துண்டு, மாற்றுச் சட்டை, வேட்டி, ஸ்டேஷன் வாசலில் டாக்டர், எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். பக்கத்தில் போக மட்டும் கால் வரவில்லை. வாயைத் திறந்தால் அவர் ஆழத்தையும் நிறத்தையும்தான் சொல்வார், அதை இந்த வெளிச்சத்தில் தன்னால் கேட்க முடியாது என்று நினைத்தாள்.

மேஸ்திரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அவள் முகத்தில் பார்வையை நிறுத்தினார். பிறகு வெயிலில் காய்ந்து கிடந்த ஜல்லியைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"ஏய், செருப்பு கொண்டுவந்தியா?"

அவள் கொண்டுவரவில்லை. ஏழு வருடமாக நினைத்து நினைத்துப் போட்ட பட்டியலில் செருப்பு இல்லை. "ஐயோ, மறந்துட்டேங்க" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் காலில் இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அவர் காலடியில் குனிந்து வைத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாதி பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரொம்பச் சின்னதா இருக்கே" என்று முணுமுணுத்தார். அந்தத் தோளைவிட்டுக் கையை எடுக்காமல் நடைமேடையை நோக்கி நடந்தார். ஜல்லி நெருப்பாய்ச் சுட்டது, அவள் வெறுங்காலோடு கூடவே நடந்தாள். ஆட்கள் குழியை மூடி, ஜல்லியைப் பரப்பி, மட்டம் பார்த்துவிட்டு வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். பாதை பதினொன்று ஐம்பத்தாறுக்கே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கம்பியில் மின்சாரம் ஏறியது. வெளி சிக்னலில் காத்து நின்ற சரக்கு ரயில் நான்கு நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போனது.